புதுப்பிப்பு: ட்ரைபாடில் வைத்தும் இரவு நகரப் படங்கள் கலங்கி வந்த பிரச்சினை தீர்ந்தது

ட்ரைபாடில் வைத்து எடுத்தும் கட்டட விளக்குகள் இரட்டையாகத் தெரிகின்றன என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. லென்ஸில் உள்ள அதிர்வுக் குறைப்பை (கை நடுக்கத்தைச் சமன்செய்யும் வசதி) அணைக்கச் சொன்ன யோசனைதான் வேலை செய்தது. ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 100, லென்ஸ் துளை எஃப்/8, ஷட்டர் திறந்திருக்கும் நேரம் 10 விநாடி, கூடவே பொத்தானை அழுத்தி 2 விநாடி கழித்துப் படமெடுக்கும் டைமர்: இப்போது ஜன்னல் கம்பிகளைக்கூட எண்ணலாம். ஐஎஸ்ஓவைக் கூட்டியதில் படத்தில் மணல் தூவியது போன்ற புள்ளிகள்தான் அதிகமாயின.

எதிர்பாராதது ஒன்று. தெருவிளக்குகளின் பச்சைப் பிம்பங்கள், விளக்குக்கு நேர் எதிர்ப்பக்கம், வானத்தில் மிதந்தன. லென்ஸின் முன்னால் மாட்டியிருந்த யூவி ஃபில்டர் கண்ணாடியைக் கழற்றியதும் போயே போய்விட்டன.

அப்புறம், சூரியன் மறைந்து அரை மணி நேரத்துக்குள் எடுங்கள். வானத்தில் நீலம் மிச்சமிருந்தால்தான் கட்டட விளிம்புகள் பிரிந்து தெரிகின்றன. பாலத்தின் மேல் நின்று எடுக்கும்போது மட்டும் இன்னும் அதிர்வு இருக்கிறது. கனரக வண்டிகள் போகாத இடைவெளி பார்த்துத்தான் எடுக்கிறேன்.