321-ல முடியற எண் ஷீட்ல 300 ஆயிடுது. 9-ஆல வகுபடுமா, படாதா?

செம்பூர்_அப்பா:
வணக்கம். எட்டாவது படிக்கிற பொண்ணுக்கு டியூஷன்ல ஒரு கணக்கு: 12345678987654321 என்ற எண் 9-ஆல வகுபடுமா, அதுக்கு மொத்தம் எத்தனை காரணி? இலக்கங்களைக் கூட்டினா 81 வருது, அப்போ வகுபடணும். சரிபார்க்கலாமேன்னு ஸ்ப்ரெட்ஷீட்ல அடிச்சேன். முதல்ல 1.23457E+16-ன்னு காட்டுச்சு. செல்லோட ஃபார்மட்டை மாத்தினா 12345678987654300. அதோட இலக்கக் கூட்டல் 78, 9-ஆல போகாது. மூணு தடவை அடிச்சாச்சு. "கண்ணாடியை மாத்துங்கப்பா"ங்கறா பொண்ணு. எது சரி?

சயான்_சர்க்கிள்:
கண்ணாடி நல்லாத்தான் இருக்கு சார். ஷீட் 15 இலக்கம்தான் வச்சுக்கும், மிச்சத்துக்கு பூஜ்யம் போட்டுடும். உங்களோடது 17 இலக்கம். எங்க ஆபீஸ்ல 16 இலக்க கார்டு எண்களை ஒருத்தர் இப்படி ஏத்தி, கடைசி இலக்கம் எல்லாம் 0 ஆகி, ஒரு சனிக்கிழமையே போச்சு. முன்னாடி ஒரு ஒற்றை மேற்கோள்குறி போட்டு அடிங்க, எழுத்தா நிக்கும். ஆனா அதை வச்சுக் கணக்குப் போட முடியாது. கணக்குக்குப் பைத்தான்ங்கற நிரல்மொழிக்குப் போங்க, எத்தனை இலக்கம்னாலும் முழு எண்ணை அப்படியே வச்சுக்கும்.

செம்பூர்_அப்பா:
மேற்கோள்குறி போட்டதும் 321 நின்னுடுச்சு, நன்றி. ஆனா ஒரு வேடிக்கை. அந்தத் தப்பான 300-க்கு வர்க்கமூலம் கேட்டா 111111111-ன்னு சுத்தமா வருதே?

மாட்டுங்கா_மாமி:
21 வித்தியாசம் இவ்வளவு பெரிய எண்ணோட மூலத்துல ஏழாவது தசம இடத்துலதான் தெரியும், அதுவரை ஷீட் காட்டாது. நிஜத்துல உங்க எண்தான் 111111111-இன் வர்க்கம். பொண்ணை நோட்டுல பெருக்கச் சொல்லுங்கோ. ஒன்பது வரிசை ஒண்ணு, ஒவ்வொண்ணும் ஒரு இடம் தள்ளி. நடுப் பத்தியில ஒன்பது ஒண்ணு, அதுதான் அதிகம், அதனால கையில எதுவும் நிக்காது. மலை மாதிரி ஏறி இறங்கும்.

காரணிக்கு 111111111 = 3² × 37 × 333667, மூணுமே பகா எண். வர்க்கம் ஆக்கினா அடுக்குகள் 4, 2, 2. ஒவ்வொண்ணோடயும் ஒண்ணு கூட்டிப் பெருக்கினா 5 × 3 × 3 = 45. ஒற்றைப்படையா வந்திருக்கேன்னு பயப்பட வேண்டாம், முழு வர்க்கத்துக்கு அப்படித்தான் வரும். காரணிகள் ஜோடி ஜோடியா வரும், வர்க்கமூலத்துக்கு மட்டும் ஜோடி அதுவேதான்.

செம்பூர்_அப்பா:
மாமி, 45-ன்னே டியூஷன்ல சொன்னாங்களாம்! இப்போ புது வம்பு. பத்து ஒண்ணு வச்சுப் பெருக்கினா 1234567900987654321 வருது. ஏறும்போது 8 எங்க போச்சுன்னு கேக்கறா.

மாட்டுங்கா_மாமி:
நடுவுல 10 வந்துடுத்து. 0 போட்டு, கையில ஒண்ணு. பக்கத்து 9-உம் அதை வாங்கிண்டு 10 ஆகி 0 ஆச்சு. அடுத்த 8 அந்த ஒண்ணை வாங்கிண்டு 9 ஆயிடுத்து.