நகரசபையின் இலவச வைஃபை: நான் கண்டதை எழுதுகிறேன், உங்கள் அனுபவங்களையும் எழுதுங்கள்

வணக்கம் உறவுகளே,

ஜேர்மனியில் ஒரு சின்ன ஊரின் பொது நூலகத்தில் பகுதிநேரமாக வேலை செய்கிறேன். ஐரோப்பிய ஒன்றியத்தின் காசில் எங்கள் ஊருக்கு வந்த இலவச வைஃபை பற்றி எழுதவேண்டும் என்று கனநாளாக நினைத்திருந்தேன். போன கிழமை நகரசபைக் கூட்டத்தில் "இது இனியும் தேவையா?" என்று ஒருவர் எழும்பிக் கேட்டார். அதைக் கேட்ட பிறகு எழுதாமல் இருக்க மனம் விடவில்லை.

இந்தத் திட்டத்துக்குப் பெயர் வைஃபை ஃபோர் ஈயூ. 2020க்குள் ஐரோப்பாவின் ஒவ்வொரு ஊரிலும் சனம் கூடுகிற இடங்களில் இலவச வைஃபை இருக்கவேண்டும் என்று, அப்போது ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பான ஐரோப்பிய ஆணையத்தின் தலைவராக இருந்த யுங்கர் 2016 செப்டெம்பரில் அறிவித்தார். அடுத்த வருடம் ஒக்டோபரில் அது சட்டமானது. ஒரு நகரசபைக்கு 15,000 யூரோ வவுச்சர். அந்தக் காசு வைஃபை சிக்னலைப் பரப்புகிற பெட்டிகளுக்கும் அவற்றைப் பூட்டுகிற கூலிக்கும் மட்டும்தான். இணைப்பின் மாதக் கட்டணத்தையும் பராமரிப்பையும் குறைந்தது மூன்று வருடத்துக்கு நகரசபையே பார்க்கவேண்டும். விளம்பரம் போடக்கூடாது, பாவிக்கிறவர்களின் விபரங்களை வியாபாரத்துக்கு எடுக்கக்கூடாது.

யார் முந்துகிறார்களோ அவர்களுக்குத்தான் வவுச்சர். எங்கள் ஊர் விண்ணப்பித்தது 2019 ஏப்ரல் 4ஆம் திகதி, பகல் 1 மணிக்கு. எங்கள் நூலகமும் நகரசபையும் ஒரே கட்டடம் என்பதால் நானும் போய் நின்றேன். விபரங்களை முன்கூட்டியே பதிந்து வைத்திருந்தார்கள், மிச்சம் ஒரு பொத்தானை அழுத்துவது மட்டும்தான். செயலாளர் அம்மா பன்னிரண்டே முக்காலுக்கே கதிரையில் வந்து இருந்துவிட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், திரும்பப் போட்டார், வலக்கையை மவுஸில் வைத்தபடி சுவர்க் கடிகாரத்தையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தார். அறையில் ஒரு சத்தம் இல்லை. ஒரு மணி அடித்ததும் அழுத்தினார். அந்தச் சுற்றில் இருந்தது 3,400 வவுச்சர், 51 மில்லியன் யூரோ. அந்தத் தொகைக்கான விண்ணப்பங்கள் கிட்டத்தட்ட முழுவதும் முதல் ஒரு நிமிடத்திலேயே வந்து சேர்ந்துவிட்டன என்று பிறகு வாசித்தோம். எங்களுக்குக் கிடைத்தது. இணைப்பு மெதுவாக இருந்த ஊர்களுக்கு? இணையம் ஒழுங்காக இல்லாத ஊருக்குத்தானே இது முதலில் போயிருக்கவேண்டும்! விண்ணப்பத்தின் வேகத்தை வைத்துத் தேவையை அளந்தது எனக்கு இன்றைக்கும் சரியாகப் படவில்லை.

ஜேர்மனியில் இருக்கிறவர்களுக்கு இன்னொரு விசயமும் தெரிந்திருக்கும். இங்கே கடைக்காரரும் தேநீர்ச்சாலைக்காரரும் வைஃபை கொடுக்க வருடக்கணக்காகப் பயந்தார்கள். அந்த இணைப்பில் வேறு யாரோ படத்தைத் திருட்டுத்தனமாக இறக்கினால் வக்கீல் கடிதம் இணைப்பின் சொந்தக்காரருக்குத்தான் வரும். மியூனிக் பக்கத்தில் ஒலி, ஒளிக் கருவிக் கடை வைத்திருந்த ஒருவரின் வழக்கு ஐரோப்பிய நீதிமன்றம் வரைக்கும் போய், 2016 செப்டெம்பரில் தீர்ப்பானது. அடுத்த வருடம் ஜேர்மனி சட்டத்தையே திருத்தி அந்தப் பொறுப்பைத் தூக்கியது. அதற்குப் பிறகுதான் எங்கள் நகரசபைக்கும் துணிவு வந்தது.

சரி, நான் கண்டதைச் சொல்கிறேன்.

பெட்டிகள் பூட்டி முதல் மாரிகாலம். ஒருநாள் இரவு எட்டு மணியிருக்கும், பையை மறந்து வைத்துவிட்டேன் என்று நூலகத்துக்குத் திரும்பிப் போனேன். வாசலில் ஆறு படிகள். எல்லாப் படியிலும் பனி முழங்கை உயரத்துக்குக் குவிந்திருந்தது, மூன்றாம் படியில் மட்டும் இடப்பக்க மூலையில் ஒரு ஆள் இருக்கிற அளவுக்குப் பனி மிதிபட்டு, கரைந்து, கல் தெரிந்தது. அதில் ஒரு பெடியன் காட்போட் மட்டையை விரித்து இருந்தான். அகதி முகாமில் இருக்கிறவன், பதினேழு வயது. கையுறையின் பெருவிரலை வெட்டி எடுத்திருந்தான், திரையைத் தொட. "ஏன் தம்பி, வேறு இடத்தில் இருக்கலாமே?" என்று கேட்டேன். அந்த மூலையில்தான் சிக்னல் அறுபடாதாம். முகாமில் எல்லோருக்கும் தெரியுமாம், முறை வைத்து வருகிறார்களாம். அவனுடைய முறை எட்டிலிருந்து ஒன்பது. ஜேர்மன் பாடத்தின் ஒலிப்பதிவுகளை இறக்கிக்கொண்டிருந்தான், அறைக்குப் போய்க் கேட்பதற்கு.

இரண்டு வருடமாக அந்தப் படிகளில் ஏறி இறங்கிய எனக்கு அந்த மூலை கண்ணில் படவேயில்லை. அடுத்த நாள் பொறுப்பாளரிடம் கதைத்து, வாசல் மண்டபத்தை இரவு ஒன்பதரை வரைக்கும் திறந்து வைக்க ஒழுங்கு செய்தோம். இரண்டு வாங்கு போட்டோம். அவ்வளவுதான் செலவு.

இப்போது மூன்று வருடக் கட்டாயம் முடிந்துவிட்டது. பஸ் தரிப்பிடத்துப் பெட்டி செத்து ஐந்து மாதம். யாருக்கு அறிவிப்பது என்று நகரசபையில் ஒருவருக்கும் தெரியவில்லை. பூட்டிய கொம்பனியோடு செய்த ஒப்பந்தமும் முடிந்துவிட்டது. புதுப் பெட்டி திறக்க வந்து நின்று படம் எடுத்தவர்கள் பலர், பழுதான பெட்டிக்குப் பொறுப்பாக ஒருவரும் இல்லை. உங்கள் ஊர்களில் எப்படி? மூன்று வருடத்துக்குப் பிறகு என்ன நடந்தது என்று முக்கியமாக எழுதுங்கள்.

-----

மறுமொழி, இத்தாலியில் இருந்து:

அக்கா, நான் இந்தப் பெட்டிகளைப் பூட்டுகிற வேலை செய்தவன். நான்கு சுற்றிலும் சேர்த்து 8,900க்கு மேற்பட்ட வவுச்சர் கொடுத்தார்கள், அதில் ஏழு ஊருக்கு நான் ஏணி தூக்கியிருக்கிறேன். வேலைக்காரன் பக்கத்தையும் சொல்லவேண்டும்.

15,000 யூரோ பெரிய காசு மாதிரித் தெரியும். வெளியில் பூட்டுவதென்றால் குறைந்தது பத்துப் பெட்டி வைக்கவேண்டும் என்பது விதி. பெட்டி சின்னச் சாமான், அதற்குப் போகிற வயர்தான் காசைத் தின்னும். நெற்வேர்க் கேபிளை நூறு மீற்றருக்கு மேல் இழுக்க முடியாது. பழைய ஊர்களில் சுவர் அரை மீற்றருக்கு மேல் தடிப்பான கல், அதிலும் பாதிக் கட்டடம் பாதுகாக்கப்பட்டது. ஒரு துளை போட அனுமதி எடுக்கவே மாதங்கள் போகும்.

தெருவிளக்குக் கம்பத்தில் பூட்டினால் சுகம் என்று நகரசபைக்காரர் நினைப்பார்கள். முதல் ஊரில் நாங்களும் அப்படித்தான் நினைத்தோம். இரவு வேலை செய்தது, காலமை எல்லாம் செத்துப் போனது. தலையைச் சொறிந்துகொண்டு நின்ற பிறகுதான் விளங்கியது: அந்தக் கம்பங்களுக்கு மின்சாரமே இருட்டினால்தான் வரும், ஒரே இடத்தில் இருந்து முழுத் தெருவுக்கும் ஏற்றி அணைக்கிறார்கள். பகல் முழுக்க மின்சாரம் வேண்டுமென்றால் தனி வயர், அதைப் புதைக்கத் தனிக் கிடங்கு.

இன்னொன்று மரம். மாசி மாதம் ஒரு சதுக்கத்தில் பூட்டி, சுற்றி நடந்து அளந்து, நல்லா இருக்கென்று கையெழுத்தும் வாங்கினோம். வைகாசியில் போன் வந்தது, வாங்குகளில் இருந்தால் ஒன்றுமே எடுக்கவில்லையாம். போய்ப் பார்த்தால் வரிசையாக நின்ற மரங்கள் எல்லாம் இலை போட்டிருந்தன. பச்சை இலைக்குள் இருக்கிற தண்ணீர் சிக்னலைக் குடித்துவிடும், 5 கிகாஹேர்ட்ஸ் அலைவரிசைக்கு இன்னும் மோசம். பெட்டியை இலைக்குக் கீழே இறக்கிப் பூட்டினோம், கூலி இல்லாமல்தான். அதற்குப் பிறகு எந்த ஊருக்குப் போனாலும் முதலில் மரத்தைத்தான் பார்ப்பேன்.

உங்கள் மூன்றாம் படிக் கதைக்கும் காரணம் இருக்கும். அந்த மூலைக்கு நேரே பெட்டி, மற்றப் படிகளைத் தூணோ கைபிடியோ மறைக்கும். முடிந்தால் ஒரு படம் போடுங்கள். பெட்டியைக் கொஞ்சம் திருப்பினாலே சரிவரும், அதற்குக் கொம்பனி தேவையில்லை.

செத்த பெட்டிக்கு ஒரு வழி சொல்கிறேன். முதலில் அது உண்மையில் செத்ததா என்று பாருங்கள். நான் போய்ப் பார்த்த "செத்த" பெட்டிகளில் பாதிக்கு மேல் பிழை பெட்டியில் இல்லை, அதற்குக் கேபிள் வழியாக இணையத்தையும் மின்சாரத்தையும் கொடுக்கிற சுவிச் என்ற கருவியில். அந்தச் சுவிச் எங்கேயாவது ஒரு நிலவறை அலுமாரிக்குள் இருக்கும், துப்புரவாக்க வந்தவர் பிளக்கைக் கழற்றியிருப்பார்.

-----

மறுமொழி, பிரான்ஸ்:

ஒரு எச்சரிக்கை மட்டும். எங்கள் மாமா ஒரு சதுக்கத்தில் இருந்து, தெரிந்த பெயராக இருக்கிறதே என்று ஒரு வைஃபையில் ஏறினார். பெயர் சரி, ஆனால் அது நகரசபையுடையது இல்லை. யாரோ அதே பெயரைத் தங்கள் போனில் போட்டு வைத்திருந்தார்கள். வந்த பக்கம் வங்கி அட்டை இலக்கம் கேட்டது, கொடுத்துவிட்டார். அட்டையை உடனே மறித்ததால் பெரிய இழப்பு இல்லை. பெயரை யாரும் போடலாம், அதற்குப் பூட்டு இல்லை. இலவச வைஃபை ஒருநாளும் அட்டை இலக்கம் கேட்காது என்று வீட்டில் பெரியவர்களுக்குச் சொல்லி வையுங்கள். போன் "இந்தப் பக்கம் பாதுகாப்பில்லை" என்று காட்டினால் மேலே அழுத்தாமல் திரும்பி வரச் சொல்லுங்கள்.

-----

மறுமொழி, நோர்வே:

அக்கா எழுதியது மனதைத் தொட்டது, ஆனாலும் ஒரு கேள்வி. நோர்வே ஒன்றியத்தில் இல்லாவிட்டாலும் இந்தத் திட்டத்தில் சேர்ந்தது, எங்கள் கொம்யூனிலும், அதாவது நகரசபைப் பகுதியிலும், பெட்டி இருக்கிறது. நான் ஒருநாளும் ஏறியதில்லை. 2017 யூனில் இருந்து, ஒன்றியத்துக்குள் வேறு நாட்டுக்குப் போய் போன் பாவித்தால் வருகிற ரோமிங் கட்டணமும் போய்விட்டது, எல்லோரிடமும் டேற்றா இருக்கிறது. முழுத் திட்டத்துக்கும் 150 மில்லியன் யூரோ. அந்தக் காசில் ஊருக்கு வெளியே தனித்தனியாக இருக்கிற வீடுகளுக்கு ஃபைபர் இணைய வயர் இழுத்திருந்தால் இன்னும் பிரயோசனமாக இருந்திருக்காதா? கோபப்பட வேண்டாம், விளங்கத்தான் கேட்கிறேன்.

-----

முதற்பதிவு எழுதியவர்:

கோபம் ஒன்றும் இல்லை தங்கச்சி, இதே கேள்வியைத்தான் கூட்டத்திலும் கேட்டார்கள். ஃபைபர் தேவைதான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் எல்லோரிடமும் டேற்றா இருக்கிறது என்பது சரியில்லை. ஜேர்மனியில் 2017 யூலையில் இருந்து முற்பணச் சிம்முக்கும் அடையாள அட்டை காட்டிப் பதியவேண்டும். புதிதாக வந்த ஒரு அகதியின் கையில் இருக்கிற கடதாசியைப் பல கடைகளில் ஏற்பதில்லை. சிம் எடுக்க அட்டை வேண்டும், அட்டை எடுக்க நேரம் பதியவேண்டும், நேரம் பதிய இணையம் வேண்டும். அந்த வட்டத்துக்குள் நிற்கிறவருக்கு எங்கள் ஊரில் பெயரும் கேட்காமல் போன் இலக்கமும் கேட்காமல் திறக்கிற ஒரே கதவு இதுதான். நாங்கள் வந்த காலத்தில் தொலைபேசிக் கூண்டுக்கு முன்னால் சில்லறைக் காசோடு வரிசையில் நின்றோமே, அதை நினைத்துப் பாருங்கள்.

முகாம் ஆட்கள் மட்டும் என்றும் இல்லை. கூட்டத்துக்குக் கொண்டுபோக ஒரு கொப்பியில் இரண்டு கிழமை எண்ணினேன், ஆறு மணியில் இருந்து ஒன்பதரை வரைக்கும். ஆகக் குறைந்த நாள் 6 பேர், கூடிய நாள் 19. மாதக் கடைசியில்தான் கூட. டேற்றா முடிந்துபோன பள்ளிக்கூடப் பிள்ளைகள், வேலை விண்ணப்பம் அனுப்புகிற ஒரு ஜேர்மன்காரர், பேரனோடு வீடியோவில் கதைக்கிற ஒரு வயதான அம்மா. அவர் சத்தமாகக் கதைப்பார், எல்லோரும் பொறுத்துக்கொள்வார்கள்.

இத்தாலித் தம்பிக்கு: நீங்கள் சொன்ன மாதிரியே நிலவறைக்குப் போய்ப் பார்த்தோம். கட்டடப் பராமரிப்பாளர் திறந்து காட்டினார். அலுமாரிக்குள் சுவிச்சின் பிளக் கழன்று, அந்த இடத்தில் ஈரம் உறிஞ்சுகிற மெசின் ஒன்று செருகிக் கிடந்தது! ஐந்து மாதம். இன்னொரு பிளக் இணைப்பு வாங்கிப் போட்டோம். பராமரிப்பாளர் தானாகவே ஒரு கடதாசியில் "கழற்ற வேண்டாம், பஸ் தரிப்பிடத்து வைஃபை" என்று எழுதி ஒட்டினார், கீழே தன் உள்ளக இலக்கத்தையும் போட்டார். இப்போது அதற்கு ஒரு பொறுப்பானவர் இருக்கிறார்.

நேற்றிரவு வீட்டுக்குப் போகும்போது பஸ் தரிப்பிடத்தில் இறங்கி நின்று பார்த்தேன். எடுக்கிறது. கூட்டம் அடுத்த செவ்வாய், கொப்பியைக் கொண்டு போகிறேன். மரத்துக்குக் கீழே இருக்கிற இரண்டு பெட்டிகளை வேண்டுமென்றால் நிறுத்தட்டும், நூலகத்தையும் பஸ் தரிப்பிடத்தையும் விடமாட்டேன். முடிவு வந்ததும் இங்கேயே எழுதுகிறேன். படிகளின் படமும் நாளை போடுகிறேன் தம்பி, கைபிடி பெட்டிக்கு நேரேதான் நிற்கிறது.