வம்சாவளி தேடி குடும்ப ஒன்றியம் அமைக்க கொழும்பில் எங்கே தொடங்குவது?

வெள்ளவத்தை வாசகன்:
அனைவருக்கும் வணக்கம். அப்பாவின் பக்கம் யாழ்ப்பாணத்து ஏழாலை. அம்மாவின் பக்கம் அட்டனுக்குக் கிட்ட ஒரு தேயிலைத் தோட்டம். இரண்டு பக்கமும் பூட்டனுக்கு மேலே ஒரு பெயரும் தெரியாது. ஐந்து தலைமுறையாவது எழுதியெடுத்து, வருகிற ஆவணி மட்டில் கொழும்பில் ஒன்றுகூடல் வைத்து, அதிலேயே ஒன்றியத்தையும் தொடங்க யோசனை. வெளிநாட்டுக்காரரோடு 150 பேர் வரலாம். எந்தப் பத்திரத்தை முதலில் எடுப்பது? எந்த மென்பொருள் நல்லது? ஒன்றியத்தைப் பதியத்தான் வேண்டுமா?

பழைய உறுதி:
தம்பி, கச்சேரிக்கு (அரசாங்க அலுவலகத்துக்கு) ஓடுவதற்கு முன் வீட்டு அலுமாரியைத் திறவுங்கள். அப்பாவின் பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தை எடுத்து, பெற்றோர் விபரத்துக்குக் கீழே பாருங்கள். பாட்டன் இலங்கையில் பிறந்தவரானால் அவருடைய பெயர், பிறந்த ஆண்டு, இடம் என்று ஒரு கூடு (கட்டம்) இருக்கும். அதற்கடுத்து, தகப்பன் இலங்கையில் பிறக்காதவிடத்து பூட்டனைப் பற்றிக் கேட்கும் கூடும் உண்டு. 1948 குடியுரிமைச் சட்டம் வம்சாவளியைக் கேட்டதால் வந்த கூடுகள் இவை. ஒரே தாளில் மூன்று தலைமுறை கிடைக்கும். சித்தப்பா, மாமி, பெரியப்பா எல்லோருடைய பத்திரத்தையும் வாங்கி ஒப்பிடுங்கள். தகவல் கொடுத்தவர் ஆளுக்கு ஆள் மாறுவதால் ஒன்றில் விட்டுப்போனது மற்றதில் இருக்கும்.

பத்திரம் இல்லாவிட்டால் பிறந்த இடத்துக்குரிய பிரதேச செயலகத்தில் பிரதிக்கு விண்ணப்பிக்கலாம். பதிவு இலக்கமும் திகதியும் தெரிந்தால் வேலை சுருக்கம். தெரியாவிட்டால் ஆண்டு ஆண்டாகத் தேடச் சொல்லிக் கேட்க வேண்டும், கட்டணமும் கூடும். ஒன்று கவனம்: ‘உத்தேச வயது’ என்று தலைப்பிட்ட பத்திரம் பிறப்புப் பதிவு அல்ல. அதிலுள்ள திகதி மதிப்பிட்டது. மரத்தில் எழுதும்போது ‘உத்தேசம்’ என்றே எழுதுங்கள்.

பிறந்த நாள் மட்டும் தெரியாவிட்டால் பழைய அடையாள அட்டை இலக்கம் சொல்லும். முதல் இரண்டு எண் ஆண்டு, அடுத்த மூன்று எண் ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. பெண்களுக்கு அதோடு 500 கூட்டியிருப்பார்கள். 45561 என்று தொடங்கினால் 1945இல் 61ஆம் நாள் பிறந்த பெண், அதாவது மார்ச் 1. எல்லா ஆண்டிலும் பெப்ரவரிக்கு 29 நாள் என்று வைத்தே எண்ணியிருப்பார்கள். சாதாரண நாட்காட்டியில் எண்ணினால் ஒரு நாள் பிசகும்.

அடுத்தது கல்வெட்டு, அதாவது 31ஆம் நாள் அந்தியேட்டிக்கு அச்சடித்துக் கொடுக்கும் நினைவு மலர். பலவற்றில் வம்சாவளிப் பக்கம் இருக்கும். நூலகம் இணையத்தளத்தில் இப்படியான மலர்கள் நிறைய ஏற்றியிருக்கிறார்கள். ஆளின் பெயரை விட ஊர்ப் பெயரைப் போட்டுத் தேடினால்தான் கூட அகப்படும். பழைய பத்திரிகை மரண அறிவித்தல்களையும் விடாதீர்கள். ‘காலஞ்சென்றவர்களான’ என்ற சொல் அந்தத் திகதிக்கு முன் யார் யார் இறந்துவிட்டார்கள் என்று காட்டும். ‘சிரேஷ்ட புதல்வர்’ மூத்தவர், ‘கனிஷ்ட புதல்வி’ கடைசி, ஆகவே பிறந்த வரிசையும் கிடைத்துவிடும். ஏமாற்றுகிற சொற்கள் ‘சகோதரர்’, ‘மைத்துனர்’ இரண்டும்தான். பெரியப்பா மகனும் சகோதரர்தான், மனைவியின் தம்பியும் மச்சானும் அக்காவின் புருஷனும் மைத்துனர்தான். வேறொரு சான்று கிடைக்கும் வரை அந்தக் கோட்டைப் பென்சிலால் போடுங்கள்.

1900க்கு முன் போவதற்குக் காணி உறுதியை (காணிப் பத்திரத்தை) விட நல்ல வழி இல்லை. ‘எனக்கு முதுசமாக வந்த’ என்றால் முன்னோர் வழி. சீதன உறுதி என்றால் தாய்வழி. யாழ்ப்பாணத்தில் வீடுவளவு பெரும்பாலும் பெண்பிள்ளைக்கே போனதால், அம்மம்மாவின் தாய், அவரின் தாய் என்று சீதன உறுதி வழியே ஏறலாம். உறுதியின் அட்டவணையில் காணியின் எல்லைகளை வாசியுங்கள். ‘வடக்கு இன்னாரின் காணி’ என்று வருபவர் கூடப்பிறந்தவராகவும் இருக்கலாம். உறுதியில் பதிவு முத்திரையோடு தொகுதி, பக்க எண் இருக்கும். காணிப் பதிவகத்தில் அதைக் கொடுத்தால் அதே காணியின் முந்திய கைமாற்றங்களும் தெரியவரும்.

காணி எப்போதாவது பாகப்பிரிவினை வழக்குக்குப் போயிருந்தால் வழக்கேட்டில் வம்சவழி அட்டவணையே இருக்கும். வழக்காளி அதைத் தாக்கல் செய்தே ஆகவேண்டும். வழக்கு காணி இருக்கும் மாவட்டத்து நீதிமன்றத்தில்தான் நடந்திருக்கும். ஏழாலைக் காணியைக் கொழும்பு நீதிமன்றங்கள் இருக்கும் புதுக்கடையில் தேடி நாளைக் கெடுக்க வேண்டாம். ஒல்லாந்தர் காலத் தோம்புகள் (காணிப் பதிவேடுகள்) கொழும்பு 7இல் தேசிய சுவடிகள் காப்பகத்தில் உண்டு. டச்சு மொழி, பழைய கையெழுத்து. அதைக் கடைசிக்கு வையுங்கள்.

கொழுந்துக்கூடை:
அம்மா பக்கத்துக்கு மேலே சொன்னதில் பாதி பொருந்தாது. உறுதி இருக்காது, பாட்டன் கூடும் வெறுமையாக இருக்கும். அந்த வெறுமையே, அவர் இந்தியாவில் பிறந்திருக்கலாம் என்று யோசிக்க வைக்கும் ஒரு தடயம்.

1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்க இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் குடியுரிமைச் சட்டப்படி கொடுத்த குடியுரிமை விண்ணப்பத்தின் பிரதி டிரங்குப் பெட்டியில் கிடக்கிறதா என்று பாருங்கள். 1946 ஜனவரி 1க்கு முன் தொடர்ந்து இங்கே இருந்ததை (கல்யாணம் முடித்தவர் ஏழு வருடம், மற்றவர் பத்து வருடம்) காட்ட வேண்டியிருந்ததால், எந்தத் தோட்டம், எந்த ஆண்டு, யார் பிள்ளைகள் என்று வரிசையாக எழுதியிருப்பார்கள். ஊர் கேட்கும்போது ‘திருச்சி’ என்று மட்டும் சொல்வார்கள், அது அந்தக் காலத்து ஜில்லா. கிராமத்தையும் குலதெய்வத்தையும் கேளுங்கள். குலதெய்வக் கோயில் தெரிந்தால் ஊர் தெரிந்த மாதிரி.

தோட்டத்துக்கு இங்கிலீஷ் பெயர் ஒன்று, ஆட்கள் சொல்லும் தமிழ்ப் பெயர் வேறு. பதிவேட்டில் இங்கிலீஷ் பெயர்தான் இருக்கும், இரண்டையும் எழுதி வையுங்கள். 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தில் இந்தியாவுக்குப் போன கிளை இருந்தால் கூடலூர், கோத்தகிரிப் பக்கம் விசாரியுங்கள். அங்கே போனவர்களிடம் குடும்ப அட்டை இருக்கும், குடும்பத்து ஆட்களின் பெயர் வயதோடு.

ஏட்டுச்சுருள்:
மென்பொருளுக்கு கிராம்ப்ஸ் போதும். காசில்லை, தமிழ் எழுத்து ஏற்கும். மாமன் மகளைக் கட்டிய குடும்பங்களில் ஒரே ஆள் இரண்டு வழியால் வருவார். அவரை இரண்டு தரம் பதிந்தால் பிறகு பிள்ளைகளும் இரட்டிக்கும். ஒரு ஆளுக்கு ஒரு பதிவு, கோடுகள் எத்தனையும் வரலாம். ‘குடும்பப் பெயர்’ கேட்கும் இடத்தை நிரப்பப் பார்க்காதீர்கள். எங்களுக்குத் தகப்பன் பெயர் தலைமுறைக்குத் தலைமுறை மாறும். அதில் ஊர்ப் பெயரைப் போட்டால் தேடவும் வசதி.

1.3.2 என்ற மாதிரி எண் (மூலவரின் மூன்றாவது பிள்ளையின் இரண்டாவது பிள்ளை) வாசிக்க நல்லது. ஆனால் குழந்தையிலேயே இறந்த ஒருவர் பிறகு தெரியவந்தால் முழு வரிசையும் நகரும். ஆகவே மாறாத தொடர் இலக்கம் ஒன்றையும் ஒவ்வொருவருக்கும் கொடுங்கள்.

பெரியவர்கள் அனுப்பும் பட்டியல் பாமினி எழுத்துருவில் இருந்தால் முதலில் யூனிகோடுக்கு மாற்றுங்கள். பிடிஎஃப் எடுத்ததும் ‘செல்லம்மா’வைப் பாருங்கள், கொம்பு ச-வுக்குப் பின்னால் போய் நின்றால் அச்சுக்குக் கொடுக்காதீர்கள்.

மிஷன் பள்ளியில் படித்த பூட்டன் இருந்தால், ஆர்னோல்ட் சதாசிவம்பிள்ளை, கரோல் விசுவநாதபிள்ளை என்றெல்லாம் வட்டுக்கோட்டை மிஷன் பள்ளியில் பெயர் வைத்தது போல, இரண்டு பெயரில் தேட வேண்டிவரும். இங்கிலீஷ் பதிவில் கந்தையா கே எழுத்திலும் இருப்பார், சீ எழுத்திலும் இருப்பார்.

வரவுசெலவு:
ஒன்றுகூடலும் சந்தாவும் மட்டும் என்றால் பதிவு தேவையில்லை. யாப்பு (ஒன்றியத்தின் விதிகள்), கூட்டக் குறிப்பு, பதவியாளர்களின் அடையாள அட்டைப் பிரதி இவற்றோடு வங்கிக் கணக்குக்குப் போகலாம். மூவர் பெயரில் திறந்து, இருவர் ஒப்பமிட்டால்தான் பணம் எடுக்கலாம் என்று வையுங்கள். பதியாத சங்கத்துக்குச் சட்ட ஆளுமை இல்லை. காணியோ கட்டடமோ வாங்க யோசனை இருந்தால் 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிச் சட்டப்படி உத்தரவாதக் கம்பனியாகப் (அங்கத்தவர் உத்தரவாதத்தால் வரையறுத்த கம்பனியாகப்) பதிவது ஒரு வழி, ஒரு சட்டத்தரணியோடு கதையுங்கள்.

யாப்பில் சண்டை வரும் இடம் ‘யார் அங்கத்தவர்’ என்ற பந்தி. மகள்மாரின் பிள்ளைகள், மருமக்கள், தத்துப்பிள்ளைகள் மூவரையும் பெயர் சொல்லிச் சேர்த்து எழுதுங்கள். சந்தா ஆளுக்கல்ல, குடும்பத்துக்கு. முதுசக் காணிப் பிணக்கு எதையும் ஒன்றியம் கையில் எடுக்காது என்று ஒரு வரி கட்டாயம் வேண்டும். உறுதிப் பிரதி கேட்டுப் போகும்போது சிலர் முகம் சுளிப்பது ‘பங்கு கேட்க வருகிறான்’ என்ற பயத்தால்தான். அந்த வரியைக் காட்டினால் அலுமாரி திறக்கும்.

ஆவணி நல்லது, வெளிநாட்டுப் பள்ளி விடுமுறை. நல்லூர்க் கொடியேற்றத்திலிருந்து 25 நாளில் பலர் மரக்கறிதான், தேர் தீர்த்தத்துக்கு ஊருக்கும் போய்விடுவார்கள். அதற்கு முந்தியோ பிந்தியோ ஒரு சனிக்கிழமை எடுங்கள். போயா (பௌர்ணமி விடுமுறை) என்றால் இறைச்சி விற்பனை இல்லை. இராமகிருஷ்ண மிஷன், கொழும்புத் தமிழ்ச் சங்கம், சரஸ்வதி மண்டபம் மூன்றையும் ஆறு மாதம் முன்னமே விசாரியுங்கள். 150 பேருக்கு 15 முதல் 18 கிலோ அரிசி கணக்கு.

வெள்ளவத்தை வாசகன்:
எல்லோருக்கும் மிக்க நன்றி. மரத்தை அன்றைக்கு எப்படிக் காட்டுவது? திரையிலா?

ஏட்டுச்சுருள்:
திரையில் வயதானவர்களால் வாசிக்க ஏலாது. கிளைக்கு ஒரு பெரிய தாளாக, 841க்கு 1189 மில்லிமீட்டர், கறுப்பு எழுத்தில் அச்சடித்துச் சுவரில் இருப்பவரின் கண் மட்டத்தில் ஒட்டுங்கள். ஒவ்வொரு தாளுக்கும் இரண்டு பென்சில் நூலில் கட்டி விடுங்கள். உயிரோடு இருப்பவர்களின் பிறந்த திகதியும் அடையாள அட்டை இலக்கமும் சுவரில் வரக்கூடாது, பெயர் மட்டும். கலைக்க முன் ஒவ்வொரு தாளையும் போனில் படம் எடுத்து, திருத்தம் எழுதியவரின் பெயரையும் பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.