ரிப்பீட்டர் வைத்த மண்டபத்தில் வாசலில் மட்டும் 5ஜி திணறுகிறது, 4ஜி நன்றாக இருக்கிறது. என்ன காரணமாக இருக்கும்?

கொங்குக் களப்பணி:
வணக்கம். திருப்பூர்ப் பக்கம் ஒரு கல்யாண மண்டபம். கீழ்த்தளத்தில்தான் பந்தி. அங்கே சிக்னலே கிடையாது என்று மண்டபத்துக்காரர் சேவை நிறுவனத்தில் எழுதிக் கேட்டு, நிறுவனமே ரிப்பீட்டர் (டவர் சிக்னலை வாங்கிப் பெருக்கி உள்ளே அனுப்பும் கருவி) கொடுத்தது. பொருத்தும் வேலை எங்களுடையது. மொட்டை மாடியில் டவரைப் பார்த்து சிக்னலை வாங்கும் டோனர் ஆன்டெனா, கீழ்த்தளத்தில் கூரையோடு ஒட்டி அதை உள்ளே பரப்பும் டோம் ஆன்டெனாக்கள், முன்கூடத்தில் கண்ணாடிக் கதவுக்கு அருகில் ஒன்று.

பந்தியில் இப்போது 4ஜி, 5ஜி இரண்டும் அருமை. சிக்கல் வாசலில். மொய் எழுதும் மேசை அங்கேதான் போடுகிறார்கள். மொய்யை யுபிஐ-யில் அனுப்புகிறவர்கள் அதிகம். 5ஜி போனில் பணம் சுற்றிக்கொண்டே நிற்கிறது. அதே இடத்தில் 4ஜி-க்கு மாற்றினால் உடனே போகிறது. 5ஜி அலைவரிசை 3.5 கிகாஹெர்ட்ஸ் பக்கம். வாசலில் ஆர்எஸ்ஆர்பி (சிக்னலின் பலம்) −82 டிபிஎம், ஆனால் எஸ்ஐஎன்ஆர் (இரைச்சலையும் குறுக்கீட்டையும்விடச் சிக்னல் எவ்வளவு மேலே நிற்கிறது என்ற டெசிபல் அளவு) 6, 7-ஐத் தாண்டவில்லை. தெருவிலும் பந்தியிலும் 20-க்கு மேல். பீம் (டவர் வீசும் சிக்னல் கற்றை) எண் 2-க்கும் 5-க்கும் மாறி மாறித் தாவுகிறது. ரிப்பீட்டரின் கெயினை, அதாவது பெருக்கும் அளவை, கூட்டலாமா?

ஆன்டெனாக்காரர்:
கெயினைத் தொடாதீங்க. முதலில் டோனருக்கும் டோம்களுக்கும் நடுவே ஐசொலேஷன் (சிக்னல் திரும்பக் கசியாத தடுப்பு) எவ்வளவு? கெயினைவிடக் குறைந்தது 15 டெசிபல் கூடுதலாக இருக்க வேண்டும். இல்லையென்றால் தன் சத்தத்தைத் தானே கேட்டு ஊளையிட ஆரம்பித்துவிடும், டவரின் அப்லிங்கும் (போனிலிருந்து டவருக்குப் போகும் சிக்னல்) கெடும்.

கொங்குக் களப்பணி:
அளந்தோம் சார். கெயின் 70, ஐசொலேஷன் 92. கருவியில் எச்சரிக்கை விளக்கு எதுவும் இல்லை.

அலைவரிசை ஆசிரியர்:
அப்படியானால் ஊளை இல்லை. தம்பி, ஒரு சோதனை செய்யுங்கள். ரிப்பீட்டரைக் கொஞ்ச நேரம் நிறுத்திவிட்டு அதே மொய் மேசையில் அளந்து சொல்லுங்கள். கருவியின் விவரத்தாளில் 'குரூப் டிலே' (சிக்னல் கருவியைக் கடக்க ஆகும் நேரம்) என்று ஓர் எண் இருக்கும், அதையும் பார்த்து எழுதுங்கள்.

கொங்குக் களப்பணி:
நிறுத்தினால் ஆர்எஸ்ஆர்பி −86-க்கு இறங்குகிறது, எஸ்ஐஎன்ஆர் 19-க்கு ஏறுகிறது! டிலே 4 மைக்ரோ செகண்ட் என்று போட்டிருக்கிறது.

அலைவரிசை ஆசிரியர்:
உங்கள் கேள்விக்கான பதில் அந்த இரண்டு எண்களில் இருக்கிறது.

வாசலில் ஒரே சிக்னல் இரண்டு முறை வந்து சேர்கிறது. கண்ணாடி வழியாக டவரிலிருந்து நேராக வருவது ஒன்று. மாடி ஏறி, ரிப்பீட்டருக்குள் புகுந்து, முன்கூடத்து டோம் வழியாக வருவது இன்னொன்று. இரண்டாவது 4 மைக்ரோ செகண்ட் தாமதம். ஒளி அந்த நேரத்தில் 1.2 கிலோமீட்டர் போய்விடும். கேபிள் நீளத்தால் வரும் தாமதம் இதன் முன் ஒன்றுமே இல்லை. பெரும்பகுதி கருவியின் டிஜிட்டல் ஃபில்டர் எடுத்துக்கொள்வது.

இப்படிப் பிந்தி வரும் பிரதியைப் பொறுத்துக்கொள்ளத்தான் ஒவ்வொரு சிம்பலுக்கும் (தகவலை ஏந்திவரும் சின்னத் துண்டு) முன்னால் சைக்ளிக் ப்ரீஃபிக்ஸ் என்ற இடைவெளி வைத்திருக்கிறார்கள். 4ஜி-யில் அது ஏறத்தாழ 4.7 மைக்ரோ செகண்ட். உங்கள் 5ஜி 30 கிலோஹெர்ட்ஸ் சப்கேரியர் இடைவெளியில் (தகவலைப் பகிர்ந்து சுமக்கும் சின்ன அலைகளுக்கு நடுவே உள்ள தூரம்) ஓடுகிறது. அதில் சிம்பலும் 4ஜி-யில் பாதி, ப்ரீஃபிக்ஸும் பாதி, சுமார் 2.3 மைக்ரோ செகண்ட். ஆக, 4 மைக்ரோ செகண்ட் தாமதம் 4ஜி-க்குள் அடங்குகிறது, 5ஜி-யில் அடுத்த சிம்பலுக்குள் கசிகிறது. கசிவோடு நின்றால்கூடப் பரவாயில்லை. இரண்டு பிரதியும் ஏறக்குறைய சம பலத்தில் மோதும்போது 250 கிலோஹெர்ட்ஸுக்கு ஒரு பள்ளம் விழும், போன் சேனலைச் சரியாக மதிப்பிடத் தடுமாறும். சிக்னல் கம்பிகள் நிறையக் காட்டினாலும் வேகம் வராததற்கு இதுதான் காரணம்.

உங்கள் கணக்கே அதைக் காட்டுகிறது. தனியாக −86, சேர்ந்தால் −82 என்றால் ரிப்பீட்டர் வழி வருவது −84 அளவில் இருக்கிறது. கிட்டத்தட்ட சமம். கெயினைக் கூட்டுவதால் வாசல் தேறலாம், ஆனால் அதே மோதல் தெருவுக்குப் போய்விடும். ரோட்டில் போகிற எல்லோருக்கும் கெடும்.

பீம் தாவுவதும் இதன் தொடர்ச்சி. இந்த அலைவரிசையில் டவர் அதிகபட்சம் 8 எஸ்எஸ்பி (போன் டவரைக் கண்டுபிடிக்க உதவும் சிக்னல்) பீம்களை ஒன்றன்பின் ஒன்றாக வீசும். மாடி ஆன்டெனாவில் 5-ஆம் பீம் நன்றாக விழுகிறது போல, தெருவில் 2. வாசலில் நிற்கும் போனுக்கு இரண்டும் ஒன்றுபோல் தெரிவதால் மாற்றி மாற்றி ரிப்போர்ட் செய்கிறது. உங்கள் ரிப்பீட்டருக்குப் பீம் என்றால் என்னவென்றே தெரியாது. எது வந்தாலும் பெருக்கி அனுப்பும்.

முன்கூடத்து டோமுக்குப் போகும் பலத்தை மட்டும் குறையுங்கள். அங்கே என்ன கப்ளர் (கேபிளிலிருந்து டோமுக்குப் பங்கு பிரித்துத் தரும் துண்டு, எண் கூடினால் பங்கு குறையும்)?

கொங்குக் களப்பணி:
6 டெசிபல்.

அலைவரிசை ஆசிரியர்:
20 போடுங்கள். 14 டெசிபல் இறங்கும். நேர் சிக்னல் 12 டெசிபல் மேலே நிற்கும், மொய் மேசைக்கு அது போதும். இரண்டும் சமமாகும் இடம் அழிந்துவிடாது, படிக்கட்டுக்கு நகரும். அங்கே யாரும் நின்று பணம் அனுப்பப் போவதில்லை.

ஸ்மால்செல் சரவணம்பட்டி:
ஐயா, பீம் தெரிந்த ரிப்பீட்டர் வந்துவிட்டது என்கிறார்களே?

அலைவரிசை ஆசிரியர்:
3ஜிபிபி (மொபைல் தரநிலைகளை வகுக்கும் அமைப்பு) ரிலீஸ் 17-இல் 5ஜி-க்கான சாதாரண ரிப்பீட்டருக்கு வரையறை வந்தது. ரிலீஸ் 18-இல் வந்ததுதான் நெட்வொர்க் கட்டுப்படுத்தும் ரிப்பீட்டர். அதற்குள் ஒரு சின்ன போன் போன்ற பகுதி இருந்து டவரின் கட்டளையைக் கேட்கும்: எந்த நேரத்தில் எந்தப் பீமில் அனுப்ப வேண்டும், எப்போது அணைந்திருக்க வேண்டும், டவுன்லிங்கா அப்லிங்கா என்று. மில்லிமீட்டர் அலையில் (5ஜி-யின் மிக உயர்ந்த அலைவரிசைகள்) 64 பீம் வரை போகும். கண்மூடிப் பெருக்கும் கருவியை வைத்து அங்கே ஒன்றும் நடக்காது. அங்கேதான் இதற்கு உண்மையான வேலை. ஆனால் தாமதம் அதிலும் தாமதம்தான்.

வீட்டுக்காரர்:
ஆன்லைனில் பூஸ்டர் விற்கிறார்களே, எங்கள் வீட்டுக்கு வாங்கலாமா?

ஆன்டெனாக்காரர்:
வேண்டாம். நம் நாட்டில் தனியார் வாங்கி வைப்பது சட்டவிரோதம், பிடித்தால் பறிமுதல். உங்கள் சேவை நிறுவனத்தில் எழுதிக் கேளுங்கள், இல்லையென்றால் வைஃபை காலிங் போட்டுக்கொள்ளுங்கள்.

கொங்குக் களப்பணி:
நிறுவனத்தில் சொல்லி அனுமதி வாங்கி கப்ளர் மாற்றியாயிற்று. வாசலில் இப்போது −86, எஸ்ஐஎன்ஆர் 17, பீம் 2-இலேயே நிற்கிறது. ரொம்ப நன்றிங்க ஐயா. பந்தியில் எஸ்ஐஎன்ஆர் நன்றாக இருந்தும் வேகம் தெருவில் பாதிதான். அதையும் சரிசெய்ய முடியுமா?

அலைவரிசை ஆசிரியர்:
மாடியிலிருந்து ஒரே கேபிள்தானே இறங்குகிறது? ஒரு வழியில் ஒரு லேயர் (ஒரு தகவல் ஓடை) தான் வரும். மைமோ (ஒரே நேரத்தில் பல லேயர்களை அனுப்பும் முறை) வேண்டுமென்றால் டோனரிலிருந்து டோம் வரை இரண்டாவது பாதையே தனியாக இழுக்க வேண்டும். பந்திக்கு அது தேவையில்லை என்பேன்.