சயின்டாலஜி என்ற மதத்தின் பெயர் உங்களிடம் எப்படி வந்து சேர்ந்தது?

எனக்கு லண்டனில், டாட்டன்ஹாம் கோர்ட் ரோட்டில். வேலை விஷயமாகப் போயிருந்தேன். மன அழுத்தத்தை இலவசமாக அளந்து பார்க்கலாம் என்று ஒருவர் கூப்பிட்டார். பலகையில் இருந்த பெயரில் முன்பாதியை மட்டும் படித்துவிட்டு, ஏதோ அறிவியல் கண்காட்சி என்று நினைத்து உள்ளே போய்விட்டேன். என் அவசரம்! இரண்டு உலோகக் குழாய்களைக் கையில் பிடிக்கச் சொன்னார்கள், கருவியில் முள் ஆடியது. கிளம்பும்போது, "இந்தப் பெயருக்கு என்ன அர்த்தம்?" என்று கேட்டேன். "அறிவது எப்படி என்பதை அறிதல்" என்றார், மிகப் பொறுமையாக.

அந்தப் பதில் என்னை விடவில்லை. இரவு அகராதியும் கையுமாக உட்கார்ந்தேன். 'ஸ்கியோ' என்றால் லத்தீனில் 'அறிகிறேன்'. 'லோகோஸ்' கிரேக்கம், சொல், எண்ணம், ஆய்வு என்று அதற்குப் பல பொருள். ஒரு கால் லத்தீனில், ஒரு கால் கிரேக்கத்தில். அதைக் குறை சொல்ல முடியாது, சோசியாலஜியும் டெலிவிஷனும்கூட இப்படிப்பட்ட ஒட்டுச்செடிகள்தான். சயின்ஸ் என்ற சொல்லும் அதே லத்தீன் வேரில் முளைத்தது என்பதால்தான் என்னைப் போன்றவர்கள் ஏமாந்து உள்ளே நுழைகிறோம்.

இந்தப் பெயர் வந்த நேரம்தான் எனக்கு இன்னும் சுவாரசியம். இதைத் தோற்றுவித்த ரான் ஹப்பர்ட் 1950இல் 'டயனெடிக்ஸ்' என்ற தன் மனநல முறையை விளக்கும் நூலால் பெரும்புகழ் பெற்றார். 1952இல் கான்சாஸ் மாநிலம் விச்சிட்டாவில் இருந்த அவருடைய நிறுவனம் திவாலாகி, டயனெடிக்ஸ் உரிமை கைவிட்டுப் போனது. அதே ஆண்டில்தான் சயின்டாலஜியை அறிவித்தார். 1953 டிசம்பரில் நியூஜெர்சியின் கேம்டனில் அது சர்ச்சாகவே பதிவானது. பழைய பெயரின் உரிமை 1954இல் திரும்பி வந்தபோது புதுப்பெயர் வேரூன்றிவிட்டது.

* * *

மேலே எழுதியவருக்கு: சொல் ஹப்பர்டோடு பிறந்தது என்று நானும் வெகுநாள் நம்பினேன். ஜெர்மனியில் படித்தபோது ஒரு பழைய நூற்பட்டியலில் 'ஸியன்டோலோகி' கண்ணில் பட்டது. ஆண்டு 1934! அச்சுப்பிழை என்றே நினைத்தேன். இல்லை. அனஸ்டாசியஸ் நோர்டன்ஹோல்ட்ஸ் என்பவர், அறிவின் இயல்பையும் தகுதியையும் ஆராயும் துறைக்கு அந்தப் பெயர் சூட்டியிருக்கிறார். ஹப்பர்டுக்கு அது தெரியுமா என்ற வாதம் இன்னும் ஓயவில்லை.

தோண்டினால் இன்னும் பின்னால் போகிறது. அமெரிக்கரான ஸ்டீபன் பேர்ல் ஆண்ட்ரூஸ் 1871இலேயே இதை எழுதிவிட்டார். அப்புறம் ஆலன் அப்வர்ட் என்ற ஆங்கில எழுத்தாளர். அவர்தான் எனக்குப் பிடித்தவர். அறிவியல் சொன்னது என்பதற்காகவே எதையும் கேள்வி கேட்காமல் விழுங்குவதைக் கிண்டல் செய்ய அவர் இந்தச் சொல்லைப் பயன்படுத்தினார். ஒருவருக்கு வசைச்சொல், இன்னொருவருக்கு மதத்தின் பெயர்.

* * *

என் சந்திப்பு வீட்டு மேசையில்தான். ஒரு கட்டுரையைத் தமிழாக்கும்போது இந்தச் சொல் குறுக்கே வந்து நின்றது. லாஜி என்றால் இயல், சயின்ஸ் என்றால் அறிவியல், ஆக 'அறிவியலியல்' என்று எழுதினேன். வாய்விட்டுப் படித்துப் பார்த்தபோது நாக்கு சுளுக்கிக்கொண்டது. 'அறிதலியல்' பொருளுக்கு நெருக்கம்தான். ஆனால் படிப்பவர் தத்துவப் பாடம் என்று நினைத்துவிடுவார். போதாக்குறைக்கு, 1879இல் மேரி பேக்கர் எடி தொடங்கிய கிறிஸ்டியன் சயின்ஸ் என்ற வேறொரு மதச் சபையோடு இதைக் குழப்பி ஒரு அடிக்குறிப்பும் போட்டுவிட்டேன். இரண்டுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. நல்லவேளை, அனுப்புவதற்கு முன் கண்ணில் பட்டது.

சரி, ஒலிபெயர்ப்பே போதும் என்று 'சயின்டாலஜி' என்று எழுதிவிட்டு நகர்ந்தேன். அடுத்த பத்தியிலேயே அவர்கள் ஆன்மாவுக்குச் சொல்லும் பெயர் வந்தது, தீட்டா என்ற கிரேக்க எழுத்திலிருந்து எடுத்தது: 'தீட்டன்'. அதைத் தமிழில் எழுதிவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தேன். நம் ஊரில் தீட்டு என்றால் என்ன என்று யாருக்குத் தெரியாது? கடைசியில் 'தீத்தன்' என்று மாற்றினேன்.