ஓஸ்லோவில் முதல் டிசம்பர்: இந்த வெளிச்ச விளக்கு வாங்கலாமா?

மதுரைப்பையன்:
ஆகஸ்டில் வேலைக்காக ஓஸ்லோ வந்தேன். இரவு ஒன்பது மணிக்கும் வெளிச்சம், ஜாலியாக இருந்தது. அக்டோபர் கடைசி ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளினார்கள், அதோடு சரி. இப்போது ஒன்பதைத் தாண்டித்தான் விடிகிறது, மூன்றேகாலுக்குள் சூரியன் போய்விடுகிறது. பத்து மணி நேரம் தூங்கியும் எழுந்திருக்க முடியவில்லை. சோறு, உருளைக்கிழங்கு, பிஸ்கட் என்று வாய் கேட்டுக்கொண்டே இருக்கிறது. காலை எட்டு மணிக்கு, இங்கே கும்மிருட்டில், அம்மா வீடியோவில் கூப்பிடுகிறார். பின்னால் மொட்டைமாடியில் மதிய வெயில். எடுக்கவே மனசில்லை. யாரோ கண் வைத்துவிட்டார்கள் என்கிறார்.

10,000 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) விளக்கு என்று விற்கிறார்களே, பிரயோசனம் உண்டா? டாக்டரிடம் போனால் ஆபீசுக்குத் தெரிந்துவிடுமா?

வடக்குக்கரை அக்கா:
தம்பி, கண்ணூறு ஒன்றும் இல்லை. நான் எண்பதுகளின் கடைசியில் யாழ்ப்பாணத்தில் இருந்து வந்து, நார்வேயின் வடகோடியான ஃபின்மார்க்கில் மீன் தொழிற்சாலையில் வேலை செய்தவள். அங்கே நவம்பர் கடைசியில் போகிற சூரியன் ஜனவரி நடுவில்தான் தலை காட்டும். வேலை முடிந்து வந்தால் எல்லோரும் படுக்கைதான், ஒருவரோடு ஒருவர் கதைக்கவும் மாட்டோம். ஊர் நினைப்பு, நாட்டுப் பிரச்சினை என்று நினைத்தோம். (அதுவும் இருந்ததுதான்.) ஆனால் 1984இலேயே அமெரிக்காவில் நார்மன் ரோசந்தால் என்ற மருத்துவர் இதற்குப் பருவகால மனச்சோர்வு (ஆங்கிலத்தில் SAD) என்று பெயர் வைத்து எழுதியிருக்கிறார். அவரும் தென்னாபிரிக்க வெயிலில் வளர்ந்து அங்கே போனவர். எங்களுக்கு யார் சொல்வது!

விளக்கு உதவும். விடிய எழும்பினதும் அரை மணித்தியாலம் வைக்க வேண்டும். உற்றுப் பார்க்கத் தேவையில்லை, நான் பக்கத்தில் வைத்துக்கொண்டு பாண் சாப்பிடுவேன். பின்னேரம் போட்டால் நித்திரை கெடும். வாங்கும்போது, எத்தனை சென்ரிமீற்றர் தூரத்தில் அந்த 10,000 என்று சின்ன எழுத்தைப் பாருங்கோ. சிலது முகத்தை ஒட்டி வைத்தால்தான் அவ்வளவு தரும்.

அதைவிட, இந்த நாட்டில் பதினொன்றரைக்கே மதியச் சாப்பாடு. எல்லோரும் நக்கலடிப்பார்கள், எனக்கு அதுதான் வசதி. சாப்பிட்டு உடனே வெளியே போய் நடவுங்கோ. கந்தோருக்குள் ஐந்நூறு லக்ஸ் இருந்தால் பெரிசு. மப்பு வானத்தின் கீழேகூட அந்த நேரம் அதைவிடப் பல மடங்கு இருக்கும். சனி ஞாயிறில் ஸொக்ன்ஸ்வான் ஏரியை ஒருக்கால் சுற்றுங்கோ, மூன்று கிலோமீற்றர் சொச்சம்தான்.

பெர்கன்வாசி:
விளக்கெல்லாம் காசுக்குக் கேடு. எங்கள் ஊரில் வெயிலும் இல்லை, மழை வேறு. நார்வேக்காரர்களைப் பாருங்கள், பெயரில் ஆர் எழுத்து வருகிற மாதமெல்லாம் மீனெண்ணெய் குடிக்கிறார்கள். அதுவும் ஜிம்மும் போதும்.

வடக்குக்கரை அக்கா:
மீனெண்ணெய் நானும் குடிக்கிறேன். இந்த அட்சரேகையில் குளிர்காலம் முழுக்க வெயிலில் இருந்து வைட்டமின் டி வராது, எங்கள் நிறத்துக்கு மற்ற மாதங்களிலும் குறைவாகத்தான் வரும். ஆனால் அது எலும்புக்கு. மனதைத் தூக்கிவிடும் என்று நம்பி இருக்காதீர்கள்.

இரவுப்பணி:
மனநலப் பிரிவில் செவிலியராக இருக்கிறேன். ஒரு விஷயம் விட்டுப்போனது. இருமுனைக் கோளாறு (மனம் மாறி மாறி அளவுமீறி உற்சாகமாவதும் சோர்வதும்) உள்ளவர்கள், விழித்திரை நோய் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் விளக்கைத் தொட வேண்டாம். சிலருக்கு வெளிச்சமே மனதை மறுபக்கம் ஏற்றிவிடும், தூக்கமே இல்லாமல் ஓடிக்கொண்டிருப்பார்கள்.

உங்கள் ஃபாஸ்ட்லேகெ, அதாவது உங்களுக்கென்று ஒதுக்கப்பட்ட டாக்டர், ரகசியம் காக்கச் சட்டப்படி கடமைப்பட்டவர். நீங்கள் சம்மதிக்காமல் ஆபீசுக்குச் சொல்ல மாட்டார். இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் ஈடுபாடு இல்லையென்றால் போய்விடுங்கள். பேச்சு சிகிச்சையும் மாத்திரையும் இதற்கு உண்டு. உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றினால் காத்திருக்கவே கூடாது: அவசர டாக்டருக்கு 116 117 எண்ணில் கூப்பிடுங்கள், உடனடி ஆபத்து என்றால் 113. அம்மாவின் அழைப்பை எட்டு மணிக்குப் பதில் மதியம் வைத்துக்கொள்ளுங்களேன், நடந்துகொண்டே பேசலாம்.

மதுரைப்பையன்:
நன்றி எல்லோருக்கும். வியாழக்கிழமை டாக்டரிடம் நேரம் கிடைத்திருக்கிறது. அக்கா, உங்கள் விளக்குக்கு எவ்வளவு தூரம்?

வடக்குக்கரை அக்கா:
முப்பது சென்ரிமீற்றர். பழையது ஒன்று சும்மா கிடக்கிறது, இப்ப நானும் ஒஸ்லோவில்தான். டாக்டர் சரி சொன்னால் தனி மடல் போடுங்கோ, வந்து எடுக்கலாம்.