2005 பந்தோல் வைன்: திறக்கும் முன் ஒரு யோசனை வேண்டும்

நண்பர்களே, தென் பிரான்ஸின் தூலோன் நகரில் என்னோடு வேலை பார்த்தவர் ஓய்வுபெறும்போது தன் நிலவறையிலிருந்து 2005 பந்தோல் (தூலோனுக்குப் பக்கத்து வைன் பகுதி) சிவப்பு வைன் ஒன்று கொடுத்தார். மூர்வெத்ர் திராட்சைதான் இதில் பிரதானம். குறைந்தது 18 மாதம் மரப்பீப்பாயில் இருந்த பிறகே பாட்டிலுக்கு வரும். இளசில் நாக்கு ஒட்டிக்கொள்ளும் துவர்ப்பு. வயதானால் பதனிட்ட தோல், ஈரமண், காட்டு மூலிகை வாசம் எழும். அந்த வாசத்தை ஒருமுறையாவது முழுதாக அனுபவித்துவிட ஆசை.

வண்டல் அடியில் இறங்கட்டும் என்று இரண்டு நாளாக நிமிர்த்தி வைத்திருக்கிறேன். இவ்வளவு பழையதை டிகேன்டரில் (வைனைக் காற்றாட விடும் கண்ணாடிக் குடுவை) ஊற்றி ஒரு மணிநேரம் விடலாமா, இல்லை காற்றுப் பட்டு மணம் போய்விடுமா? கார்க் உதிர்ந்தால் என்ன செய்வது? ஞாயிறு ஆட்டுத்தொடை சுடுகிறோம், கொடுத்தவரும் வருகிறார். பழைய பந்தோல் திறந்து பழகியவர்கள் அதற்குள் சொல்லுங்களேன்.